சூடேறிய காற்றுக் குழாய்

சண்டையால் டீசல் யாழ்ப்பாணத்துக்கு வராத காலம். எங்கள் தோட்டத்து இறைப்பு மெசினை மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து ஓட்டிக்கொண்டிருந்தோம். வெங்காயம் முற்றத் தொடங்கிய நேரம் பார்த்து அது குழப்படி செய்தது. காலையில் ஒழுங்காகத்தான் ஸ்டார்ட் ஆகும். நாலைந்து பாத்தி நனைவதற்குள் இழுவை குறையும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய வாயால் புகையைக் கக்கும். அந்தக் குழாயில் கை வைக்க முடியாது, அப்படிச் சூடு.

உள்ளே வால்வு எரிந்துபோயிருந்தால் புதியது எங்கும் கிடைக்காது. கிணற்றுத் துலாவைக் கையால் இழுத்து இறைத்து அவ்வளவு வெங்காயத்தையும் காப்பாற்றவும் முடியாது.

"உந்த மண்ணெண்ணெய்தான் மெசினைத் தின்னுது," என்றார் என் தகப்பனார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, மெசின் வேலை படிக்க யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போன முதல் ஆள் நான்.

"எண்ணெய் பிழையெண்டால் புகை போற குழாய் எல்லோ கூடச் சூடாகும், ஐயா? இது காத்து வாற குழாய்."

"அப்ப காத்துக்குக் காய்ச்சலோ?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏர் கிளீனரைக் கழற்றினேன். செம்மண் அப்பிப்போய் இருந்தது. கழுவிப் பூட்டினேன், சூடு குறையவில்லை. புகைக் குழாய் பொருத்தில் ஒழுக்கும் இல்லை. மிச்சம் ஒன்றுதான்: காற்று வரும் வால்வு சரியாக மூடாமல், உள்ளே எரியும் வாயு திரும்பி வருகிறது.

மெசின் ஆறும்வரை காத்திருந்து மேல்மூடியைத் திறந்தேன். வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் சிறு இடைவெளி வேண்டும். சவர பிளேட்டைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. சூட்டில் தண்டு நீள இடமில்லாமல் வால்வு திறந்தபடியே நின்றிருக்கிறது.

"ஆரோ இந்தத் திருகாணியை இறுக்கியிருக்கினம், ஐயா."

ஐயா மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது டக்கு டக்கெண்டு அடிச்சுக்கொண்டிருந்தது. பொம்பர் பிளேன் வாற சத்தம் கேக்காது எண்டு நான்தான் கொஞ்சம் முறுக்கிவிட்டனான்."

"கொஞ்சமோ!" என்றார் அம்மா. "குண்டுக்குத் தப்பி வெங்காயத்தைக் கொல்லப் பாத்தியள்."

இரண்டு பிளேட் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். வால்வு ஏற்கெனவே எரிந்திருக்குமோ என்ற பயம் அப்போதும் போகவில்லை. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன். பாதியில் அது திமிறிக்கொண்டு நின்றது. உள்ளே காற்று கசியாமல் பிடிக்கிறது; வால்வு எரியவில்லை.

ஸ்டார்ட் செய்தோம். பழையபடி டக்கு டக்கென்று அடித்தது. பத்துப் பாத்தி தாண்டியும் இழுவை குறையவில்லை. தோட்டத்துக் கடைசி மூலையில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்ற அம்மா கத்தினார்: "நிப்பாட்டுங்கோ, வரம்பு உடையப்போகுது!"

"உடையட்டும்," என்றார் ஐயா, மெசினை நிறுத்தாமல்.