ராஜேஸ்வரி வாங்கி வந்த மவுஸ்

மலைமேல் இருக்கிற குண்டனி நாட்டில் ராஜேஸ்வரியைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அவளா, ஆம்பளையாட்டம் வேலை செய்வா" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டுதான் வரும். அவள் என்ன ஆசைப்பட்டா செய்தாள்? புருஷன் கட்டிலோடு கிடக்கிறான், சொந்தக் காட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி முற்றி நிற்கிறது, கூலிக்கு ஆள் கூப்பிட்டால் நாளைக்கு என்கிறான், நாளன்றைக்கு என்கிறான். தானே தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். மிளகையும் பறித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் உள்ளங்கையும் விரல் நுனியும் காய்த்துப்போய், அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குகிற அளவுக்கு வந்துவிட்டன. அதைப் பார்த்து மெச்சிக்கொள்ள நாலு பேர் வேறு.

புருஷன் வேலப்பன் மரமேறுவதில் அந்த நாட்டிலேயே பேர்போனவன். மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றி உச்சி வரைக்கும் போகும். ஒற்றை மூங்கிலைக் கணுவோடு வெட்டி, அதையே ஏணியாகச் சார்த்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். அவன் ஏறினால் கொடியில் ஒரு சரம் மிச்சம் இருக்காது. ஒரு தை மாதத்துக் காலையில் பனி ஈரத்தில் மூங்கில் சறுக்கியது. அவ்வளவுதான். கழுத்தில் அடி. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து ஊருக்குத் திரும்பியபோது, வலது தோளை மட்டும் கொஞ்சம் அசைக்க முடிந்தது. அந்தக் கையின் ஆள்காட்டி விரல் மனசு வைத்தால் லேசாக மடங்கும். கழுத்துக்குக் கீழே மற்றதெல்லாம் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

ஒரு நாளில் அவனிடமிருந்து வருகிற கூப்பாட்டை எண்ணினால் தலை சுற்றும். ராஜி, தண்ணி. ராஜி, வெளிச்சம் கண்ணுல அடிக்குது. ராஜி, மூக்குல ஈ உக்காந்திருக்குது. அவளுக்கு அது சலிப்பாக இல்லை, சத்தியமாக இல்லை. கூப்பிடுகிறவனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உயிர் போனது. ஒரு ஈயை ஓட்டப் பெண்டாட்டியைக் காட்டிலிருந்து வரவழைக்கிறவன் என்ன மனுஷன் என்று அவனே கேட்டுக்கொண்டான். பிறகு கூப்பிடுவதைக் குறைத்தான். ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். சோறும் இரண்டு வாயோடு போதும் என்றான். அதைக் கண்டுதான் ராஜேஸ்வரி பயந்துபோனாள்.

அந்த நேரத்தில்தான் தனபால் வந்தான். வேலப்பனோடு ஒன்றாகப் படித்தவன், செம்மேட்டில் இ-சேவை மையம் நடத்துகிறான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதால் பழையதை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்து, வேலப்பனின் கட்டிலுக்கு எதிரே மேசை போட்டு வைத்தான். வீட்டுப் போனிலிருந்து நெட்டைக் கொடுத்து, வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து காட்டினான்.

"மாப்ள, இது யாரு காடுன்னு சொல்லு பாக்கலாம்."

வேலப்பன் கழுத்தை நீட்ட முடியாமல் கண்ணை மட்டும் நீட்டினான். ஒரு சதுரம் பச்சை. பக்கத்தில் ஓடை. மூலையில் தகரக் கூரை.

"டேய், நம்ம ஊடுடா!"

விழுந்த நாளிலிருந்து அவன் அப்படிக் கத்தியதில்லை. தனபால் மவுஸைத் தட்டத் தட்டப் படம் பெரிதானது; இழுக்க இழுக்க நகர்ந்துகொண்டே போனது. மிளகுத் தோட்டம், பாதை, அடுத்த மேடு, அதற்கப்பால் திருப்புலி நாடு. மலை முழுக்கச் சுற்றி வந்தார்கள். ராஜேஸ்வரி அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தனபால் போன பிறகு அவளே மவுஸை எடுத்து வேலப்பன் கைக்கடியில் வைத்தாள். அங்கேதான் கோளாறு. மவுஸின் ஒயர் கட்டிலைத் தாண்டித் தொங்கியது. அதன் கனமே அவன் கையைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. வயிற்றின் மேல் வைத்த கீபோர்டும் அப்படியே சரிந்தது. போனைக் கொடுத்துப் பார்த்தால், மடங்கின விரல் முட்டிகள் எதெதையோ தொட்டு யாருக்கோ போன் போனது.

"ஏ புள்ள," என்றான் வேலப்பன், முகட்டைப் பார்த்தபடி. "ஒயரு இல்லாம வருதாமா. தனபாலு சொன்னான். அதொன்னு வாங்கியாரயா? உன்னைக் கூப்புடாம ஒன்னே ஒன்னாச்சும் நானாச் செய்யோணும். ஒன்னு போதும்."

இரண்டு வருஷத்தில் அவன் வாய்திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். அவள் அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டாள். மிளகைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் தள்ளிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் புரட்டின வயிறு இன்னும் அடங்காமல் நாமக்கல் பஸ் ஏறினாள்.

கடையில் தேன்மொழி என்ற பெண் நின்றிருந்தாள். சிரித்த முகம்.

"என்ன வேலைக்குங்க அக்கா? கேம் ஆடறதுக்கா, ஆபீசுக்கா?"

"எங்கூட்டுக்காரருக்குங்க. ஒயரு இல்லாதது. மவுஸ், கீபோர்டு ரெண்டும்."

"வயசானவருங்களா? கை நடுக்கம் ஏதாச்சும் இருக்குதா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன எடுத்துத் தாரேன்."

நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். முதலில் ஒரு 'த்சொ'. அப்புறம் "இந்த வயசுலயா?" அப்புறம் மேலும் கீழுமாக அவளையே ஒரு பார்வை. பஸ்ஸில் வாங்கியாயிற்று, சந்தையில் வாங்கியாயிற்று. புருஷனுக்கு ஆசையாக ஒரு சாமான் வாங்க வந்த இடத்திலாவது மற்ற பொம்பளைகள் மாதிரி நிற்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இதில் என்ன குற்றம்?

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. நல்லாத்தான் இருக்காரு."

தேன்மொழி ஏழெட்டுப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினாள். கீபோர்டை ராஜேஸ்வரி நன்றாகவே தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, சந்தையில் மிளகுச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி எடை பார்த்தாள். எண்கள் தனியாக இல்லாத, குட்டையான, தட்டையான ஒன்று. வயிற்றில் வைத்தால் மூச்சுக்கு இடைஞ்சல் பண்ணாது என்று கணக்குப் போட்டாள்.

மவுஸில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது. முதலில் எடுத்தது சிறியது, வேலப்பன் கைக்கு விளையாட்டுச் சாமான் போல இருக்கும். தள்ளினாள். அடுத்தது வழவழவென்று அகலமாக இருந்தது. அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"ஏனுங்க, இது கெட்டுப்போன சாமானுங்களா?"

"ஐயோ, இல்லீங்க அக்கா. சத்தம் வராத மவுஸ். விரலு பட்டாப் போதும், அவ்ளோ லேசு."

"பட்டது தெரியவே மாட்டேங்குதே. அமுக்குனமா இல்லையான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

காய்த்துப்போன விரலுக்கு அந்த லேசு எட்டவில்லை. எட்டாததை அவள் சாமானின் குறை என்று நினைத்தாள். குச்சிக்கிழங்கு பிடுங்குகிற கைக்கு வேறென்ன தோன்றும்? மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். கறுப்பு, பெரியது, பிடிக்க வாகாக முதுகு உயர்ந்தது. அமுக்கினால் 'டக்' என்று விரலிலேயே பதில் சொன்னது. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதைக் குடுங்க. சாமானுன்னா இப்படி இருக்கோணும்."

மறுநாள் தனபால் வந்து மாட்டிக் கொடுத்தான். ராஜேஸ்வரி புருஷனுக்குத் தலை வாரி, சட்டை மாற்றி, முதுகுக்குத் தலையணை வைத்திருந்தாள். வேலப்பன் கை மவுஸின் மேல் உட்கார்ந்தது. தோளைத் தள்ளினான். திரையில் அம்பு நகர்ந்தது! ஓடையைத் தாண்டி, பாதையைத் தாண்டி, படத்தைப் பெரிதாக்குகிற கூட்டல் குறி வரைக்கும் போய் நின்றது.

"அமுக்கு மாப்ள," என்றான் தனபால்.

வேலப்பன் அமுக்கினான். நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல் மடங்கியது, மவுஸின் மேல் படிந்தது, நின்றது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. மூச்சைப் பிடித்து மறுபடி. மேலுதட்டில் வேர்வை முளைத்தது. மறுபடி. 'டக்' வரவில்லை. கடைசியில் கை தானாக நழுவி, அம்பு திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"எடுத்துருங்க," என்றான் வேலப்பன்.

தனபால் ஒருதரம் அமுக்கிப் பார்த்தான். பிறகு அவளை வாசலுக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னான்:

"தங்கச்சி, இது என்ற விரலுக்கே கல்லாட்டம் இருக்குது. இதவிட லேசா கடையில இல்லையா?"

ராஜேஸ்வரிக்கு அந்த வழவழப்பானது கண்முன் வந்தது. கெட்டுப்போன சாமான் என்று இந்த வாயாலேதானே சொன்னாள்? விரலு பட்டாப் போதும் என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாளே! அவள் தன் விரல்களையே பார்த்தாள். வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

உள்ளே ஓடினாள்.

"ஏனுங்க, உங்க கைமேல தப்பில்லீங்க. நான்தான் முரட்டுச் சாமானா வாங்கியாந்துட்டேன். லேசானது இருக்குதுங்க. நானே கண்ணால பாத்தேன்."

"வெளிய போயிக் குசுகுசுன்னு பேசிட்டு வந்து எனக்குச் சமாதானம் சொல்றயா?"

"சாமி சத்தியமா இருக்குதுங்க!"

"உட்ரு புள்ள. செத்த கைக்கு எதுக்கு இன்னொன்னு?"

அதற்குப் பிறகு அவன் கம்ப்யூட்டரைப் போட விடவில்லை. மேசை மேல் துணியைப் போட்டு மூடச் சொன்னான். சோறு ஒரு வாய் ஆனது. கூப்பிடுவது அறவே நின்றது. காட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறவளுக்கு வீட்டிலிருந்து சத்தமே வராது. வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அப்படி ஒரு வாரம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மலை இறங்கினாள். தேன்மொழியின் முன்னால் நின்று, கடை நிறைய ஆள் இருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் 'த்சொ' கொட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா அக்கா" என்று மட்டும் சொல்லி, அந்த வழவழப்பான மவுஸை எடுத்து, தானே பாட்டரி போட்டு, திரையில் ஓட்டிக் காட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. வேலப்பன் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக் கிடந்தான். வேண்டாம் என்றான். அவள் கெஞ்சினாள். திட்டினாள். கட்டில் காலில் தலையை முட்டிக்கொள்வேன் என்றாள்.

"சரி, உனக்காவ. ஒரே தடவ," என்றான்.

துணியை விலக்கி, தேன்மொழி காட்டியபடி மவுஸை மாட்டி, படத்தைத் திறந்தாள். அவன் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தாள். அம்பு ஊர்ந்து ஊர்ந்து கூட்டல் குறிக்கு வந்தது. அவன் மூச்சைப் பிடித்தான். அந்த நெற்றி நரம்பு மறுபடி புடைப்பதைக் கண்டாள். போன தடவை அந்த முகம் விழுந்த விதம் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளிடம் தெம்பு இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியும் முன்னே அவள் கை போய் அவன் கைமேல் படிந்துவிட்டது.

படம் பெரிதானது. தகரக் கூரை கிட்ட வந்தது.

வேலப்பன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"ராஜி. நானா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவன் விரலில் உணர்ச்சி இல்லை. அந்த மவுஸிலோ சத்தமும் இல்லை. அமுங்கியது அவன் விரலாலா, தன் கையின் பாரத்தாலா என்று தெய்வத்தைத்தான் கேட்க வேண்டும்.

"நீங்கதானுங்க," என்றாள். "வேற யாரு?"

அவன் திரையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"அப்படின்னா உன்ற கையை எடு. இன்னொரு தடவ அமுக்கறேன்."

எடுக்கத்தான் நினைத்தாள். நிஜமாகவே அவன் விரல்தான் அமுக்கியிருக்கலாம். எடுத்தால் அது இந்த நிமிஷமே தெரிந்துவிடும். அமுங்காமல் போனால், அவனால் முடியாது என்பதும் இந்த நிமிஷமே தெரிந்துவிடும். இந்த மவுஸைவிட லேசானது கடையில் இல்லை.

"எடு புள்ள," என்றான்.

அவள் எடுக்கவில்லை. அவன் கொஞ்சநேரம் காத்திருந்தான். அவள் கை அங்கேயே இருப்பதைப் பார்த்து, அமுக்கியது தானில்லை என்பதற்கு அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.