கப்பல் மணிக்குள் இருந்த பெயர்கள்

சிட்னி நூதனசாலையில் தொங்கிய பழைய கப்பல் மணியின் பித்தளை வாசம் என்னைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது.

கடற்படையில் இருந்த அப்பா இப்படியொரு மணியைத்தான் மினுக்குவார். உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் துரத்திவிட்டு, பிறகு கைமாறி எங்கள் நாட்டுக்கு வந்த ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல் அது. முன்பு அதில் இருந்த வெள்ளைக்கார மாலுமிகள், மணியைத் தலைகீழாக்கித் தண்ணீர் நிரப்பித் தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, உள்ளே பெயரும் வெட்டினார்களாம்.

மார்கரெட், பீட்டர் என்று அப்பா ஒரு பெயரும் பிசகாமல் சொல்லுவார். என்னைக் கூப்பிட்டால் மட்டும் முதலில் தங்கச்சியின் பெயர்தான் வரும். எனக்கு வயிறு எரியும்.

"என்ர பேரையும் வெட்டுங்கோவன், அப்பா."

"நாங்கள் சைவக்காரர், பிள்ளை. உனக்குக் கோயில் மணி போதாதோ?"

முருகன் அறிய, அந்த மார்கரெட்டில் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். காவலாளி அங்கால் திரும்பிய நேரம், மணிக்குள் கையை விட்டு விரலால் என் பெயரை எழுதினேன்.