கீழேயிருந்து வரைந்த டாப் வியூ

மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, வீட்டில் என் பக்கம் இருந்தது அம்மா மட்டும்தான். அப்பாவுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். ஊரைத் தாண்டிய எந்த விஷயமானாலும் பெரியப்பாவைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார். பெரியப்பாவோ கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

“இந்தா பாரு ஆத்தா, மொத செமஸ்டர்ல ஒரு பாடம் விழுந்தாலும் பேசாம கம்ப்யூட்டருக்கு மாறிக்கணும். உங்க பெரியப்பா காலேசுல கேட்டுட்டாக, மாத்திக்கலாமாம்.”

“சரிப்பா” என்றேன். பள்ளிக்கூடத்தில் எதிலும் தோற்காதவளுக்கு அது ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை.

கம்பம் வரை டவுன் பஸ், அங்கிருந்து தேனிப் பக்கம் கல்லூரிப் பேருந்து. டிராயிங் ஷீட்டைச் சுருட்டி வைக்கும் நீளக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினால், கண்டக்டர் அண்ணன் தினமும் வம்பிழுப்பார்.

“என்ன பாப்பா, துப்பாக்கியா?”

“ஆமாண்ணே. கம்பம் போனதும் சுடுவேன்.”

சத்தியமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காக்கி கோட்டு, கனமான ஷூ, பட்டறையில் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை. ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி நாலு பக்கமும் சமமாக்கச் சொன்னார்கள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதைப் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தேன். தமிழில் படித்து வந்தவளுக்கு ஆங்கிலப் பாடம் பாதி புரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் மொழியே வேண்டாம், கோடு போட்டால் போதும். இதில் நான்தான் ராணி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் உள்தேர்வில் அந்த டிராயிங்கிலேயே ஃபெயில் ஆனேன்.

தரையில் உட்கார்ந்திருக்கும் பிரமிடை முன்னாலிருந்து பார்த்து ஒரு படம், மேலேயிருந்து பார்த்து ஒரு படம் வரைய வேண்டும். மேலேயிருந்து பார்க்கும் டாப் வியூவை ஷீட்டில் கீழே போடுவது எங்கள் முறை. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு முழுக்கோடு, மறைந்திருப்பது புள்ளிக்கோடு. நான் எல்லாச் சாய்வு விளிம்புகளையும் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தேன்.

பாடம் எடுத்த மேடம் என் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ எங்க நின்னு பாத்த?”

“கீழ இருந்துதான் மேடம்.”

“எதுக்கு?”

எதுக்கு என்றால் என்ன சொல்வது? நான் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். குலை பிடித்திருக்கிறதா, பழுத்திருக்கிறதா என்று எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றையும் அண்ணாந்துதான் பார்ப்போம். படம் கீழே வருகிறது என்றதும் என் கண்ணும் தானாகக் கீழே போய் நின்றுகொண்டது. இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எங்கள் வகுப்பில் என்னைத் தவிர இருந்த இன்னொரு பெண், நாய்க்குப் பேர்போன கோம்பை ஊர்க்காரி, அவள்தான் அதிகம் சிரித்தாள்.

“எங்க ஊரு நாய்கூட மொட்டமாடில ஏறி நின்னுதான்டி பாக்கும்.”

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவள் கையிலிருந்த குடையைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. மதிய வெயிலில் அவளை மைதானத்தில் குடையை விரித்து நிற்கச் சொல்லிவிட்டு, நான் மாடிக்கு ஓடினேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், குடைத்துணியின் தையல்கள் எல்லாம் நடுவில் போய்ச் சேர்ந்து பளிச்சென்று தெரிகின்றன. எல்லாம் முழுக்கோடு. கீழே நின்ற கோம்பைக்காரிதான் தெரியவில்லை, அவள்தான் புள்ளிக்கோடு. நான் மாடியிலேயே குதித்தேன். போனவர் வந்தவரெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சாம்பார்ச் சட்டி, டிராக்டர், தண்ணீர்த் தொட்டி என்று எதைக் கண்டாலும் ஏறி நின்று பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஏணி போட்டு, பந்தலுக்கு மேலே தலையை நீட்டினேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. மலை வரைக்கும் ஒரே பச்சை விரிப்பு. ஒரு குலைகூடக் கண்ணில் படவில்லை.

“அங்கன என்னா தேடுற?” என்று கீழேயிருந்து அப்பா கேட்டார்.

“டாப் வியூ பாக்குறேன்பா.”

“எறங்கு, கொடி ஒடிஞ்சிரப் போகுது.”

டிராயிங் இப்படித் தலைக்கேறியதில், கணக்குப் புத்தகத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தேர்வுகள் அப்படியே வந்து போயின.

ரிசல்ட் போனில் வந்தபோது அப்பா தோட்டத்தில் கத்தரியால் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்தப் படம் போடுற பாடம்?”

“பாஸ்பா. கிளாஸ்ல நாந்தான் மொதல்.”

“மத்தது?”

“கணக்கு போயிருச்சு.”

கத்தரி நின்றது. “சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. பட்டறையும் காக்கி கோட்டும் கையை விட்டுப் போகப் போகின்றன. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று வேகமாகப் பேசினேன்.

“மாறுறேன்பா. ஆனா கணக்கு எல்லாருக்கும் ஒரே பேப்பர்தான். கம்ப்யூட்டருக்குப் போனாலும் இதே அரியரத்தான் எழுதணும். அங்கன படம் கெடயாது. நான் பாஸ் பண்ணதுதான் வீணாப் போகும்.”

அப்பா இன்னும் ரெண்டு கொடியை வெட்டினார். “அப்ப விழுந்தது கூடவே வருமா?”

“வரும்.”

“எந்திரிச்சது மட்டும் வராதா?”

“வராதுப்பா.”

“இத உங்க பெரியப்பா சொல்லலையே” என்றவர், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“அண்ணே, பிள்ள மெக்கானிக்கலே படிக்கட்டும்.”

அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ கேட்டார்.

“ஆமாண்ணே, கணக்குல விழுந்துருச்சு” என்றார் அப்பா. “அதனாலதான் சொல்றேன்.”