எனக்குக் கண் நல்லாத்தான் தெரியும்

காலை ஏழரை மணி. ஐந்தாம் பெட்டில் இருந்த ஆட்டோ டிரைவர் ஆரோக்கியசாமிக்கு இன்சுலின் போட்டுவிட்டுச் சார்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கூட டியூட்டியில் இருந்த நர்ஸ் சவிதா, டிரேயில் இருந்த வயலை, அந்த இன்சுலின் மருந்துக் குப்பியை, கையில் எடுத்தாள்.

“சிஸ்டர், இது நூறு. நீங்க எந்த சிரிஞ்ச் எடுத்தீங்க?”

“நாப்பதுதான். வயலும் நாப்பது. பாத்துதான் எடுத்தேன்.”

பார்க்கவில்லை. எங்கள் வார்டுக்கு எப்போதும் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் உள்ள வயல்தான் வரும். அந்த வாரம் நூறு உள்ளது வந்திருந்தது; அதை நாற்பதுக்கான சிரிஞ்சில் அளந்தால் மருந்து இரண்டரை மடங்கு போய்விடும். லேபிளின் பொடி எழுத்து மூன்று வருடமாகவே எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்பேன், மை மங்கல் என்பேன். பச்சைக் குழந்தைக்கும் முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பவள் என்று பெயர் எடுத்தவள் நான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி பிடிப்பதா?

வயலை ஜன்னலருகே கொண்டுபோய்க் கையை நீட்டிப் பிடித்தேன். நூறுதான். பதினாறு யூனிட் போக வேண்டிய இடத்தில் நாற்பது போயிருந்தது.

அப்போதும் மனசு தப்பிக்கச் சந்து தேடியது. டிபன் வந்துவிடும், காபியில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? கட்டிலருகே போனேன். அவர் சிரித்தார்.

“உங்க கையில போட்டா வலிக்கறதே இல்லம்மா.”

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. டியூட்டி டாக்டரிடம் ஓடினேன்.

“டாக்டர், தப்புப் பண்ணிட்டேன்.”

கேட்டவர் திட்டவில்லை. “உடனே சாப்பிட வைங்க. டெக்ஸ்ட்ரோஸ் ரெடியா இருக்கட்டும். கால் மணிக்கு ஒரு தடவை சுகர் பாருங்க. வீட்டம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“வேணாம் டாக்டர். நானே சொல்றேன்.”

ஆரோக்கியசாமியின் மனைவி மேரி கேட்டது ஒன்றுதான். “உயிருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, சுகர் பார்க்க அவர் விரலைப் பிடித்தேன்.

சுகர் நூற்றி நாற்பது. நூற்றிப் பத்து. எண்பது. ஐம்பத்தெட்டில் அவர் கை நடுங்கியது, சட்டை நனைந்தது, பேச்சு குழறியது. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அந்தச் சர்க்கரைத் தண்ணீர், ஏற ஏற அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மூன்று முறை சுகர் கீழே போய் மேலே வந்தது. சாயங்காலம்தான் நிலைத்தது.

பிறகு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் முதலில் ‘வேலைப் பளு’ என்று எழுதினேன். அடித்துவிட்டு, ‘லேபிளைப் படிக்கவில்லை. மூன்று வருடமாகக் கிட்டத்தில் உள்ள எழுத்து தெரிவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை’ என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியோடு போனேன். ஆரோக்கியசாமி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அந்த சிஸ்டர் போடட்டும்.”

டிரேயைச் சவிதாவிடம் கொடுத்தேன்.

இப்போது வார்டில் டியூட்டியில் நிற்கும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி போடும் முன் வயலைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க என்றைக்குக் கூச்சமாக இருக்கிறதோ, அன்றைக்குக் கட்டாயம் கேளுங்கள்.