வாளியிலிருந்து வாளிக்கு

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், மோட்டார் இல்லாமல் ஒரு வாளித் தண்ணீரை இன்னொரு வாளிக்கு மாற்றுவதைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் செய்து காட்டப் போவதாகச் சொன்னாள். மன்னார்குடி கடைத்தெருவில் மீன் தொட்டிக்குப் போடும் டியூப் வாங்கி வந்தோம். ஒரு வாளியை ஸ்டூல் மேலும் இன்னொன்றைத் தரையிலும் வைத்து எவ்வளவோ முயன்றோம். தண்ணீர் பாதி வழியிலேயே நின்றது. அவள் முகம் வாடிவிட்டது.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வந்தார். அவள் பால்வாடி போன காலத்திலிருந்து அவருக்கு அங்கேதான் வேலை.

"டியூப்ல காத்து இருக்கும்மா. தண்ணிக்குள்ள அமுக்கி முழுசா நிரப்பு. ஒரு முனைய விரலால அடைச்சு, அத மட்டும் வெளியே எடுத்துக் கீழ் வாளிக்குக் கொண்டு போ. அப்புறம் விரல எடு," என்றார்.

அப்படியே செய்தாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறிக் கீழே கொட்டியது.

"அப்பா, வருது!" என்று கத்தினாள்.

அவருடைய அறை நண்பர் திரைக்குள் தலையை நீட்டினார்.

"அண்ணி, பொண்ணு கண்காட்சியப் பத்தி போன்ல சொன்னதிலேர்ந்து ரெண்டு நாளா எங்களுக்குக் குளிக்க வாளியே இல்ல. பொண்ணுக்குச் சொல்லித்தரணும்னு அண்ணன் செஞ்சு செஞ்சு பாக்குறாரு. ரூமெல்லாம் ஈரம்."

கணவர் வெட்கத்தோடு சிரித்தார். மகள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

"இப்ப நீங்க செஞ்சு காட்டுங்கப்பா. நான் டீச்சர் மாதிரி கேள்வி கேக்குறேன்."

அவர் உடனே எழுந்துபோய் வாளியைத் தூக்கி வந்தார்.