மயில்கழுத்தைப் படம் பிடிப்பவர்

வாசலில் நிற்கும் மொபெட்டின் மேல் ஒரு சேலையை விரித்துப் போட்டு, அதற்கு எதிரே குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் முருகானந்தம். படம் எடுத்தாகிவிட்டது. கைப்பேசியைச் சேலைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். திருப்தியில்லை. தெருவில் போகும் கீரைக்கார அம்மாவை வழிமறிக்கிறார்.

"ஏனுங்க, சித்த நில்லுங்க. சேலையில இருக்கற கலரும் போன்ல இருக்கற கலரும் ஒண்ணுங்களா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. கீரை வேணுமா, வேண்டாமா?"

"அதில்லீங்க..." என்று அவர் இழுப்பதற்குள் அந்த அம்மா அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். இளம்பிள்ளையில் எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், வழி தெரியாமல் காரை நிறுத்தியவர், எல்லோரும் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அத்தனையையும் கேட்டுக்கொண்டு முன்பைவிடக் குழம்பிப்போய் நிற்பார் மனிதர்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பின்கட்டில் விசைத்தறி ஓடுகிறது. முன்பெல்லாம் நெய்த சேலைகள் மூட்டையாகக் கட்டிக் கடைகளுக்குப் போகும். இப்போது வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால்தான் வியாபாரம். படம் நன்றாக இருந்தால் பார்சல் போகும், நிறம் மாறியிருந்தால் போன பார்சல் திரும்பி வரும். ஒரு சிவப்புச் சேலை ஆரஞ்சு என்று திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிய நாளிலிருந்துதான் முருகானந்தத்துக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. யூடியூபில் புகைப்பட வகுப்புகளாகப் பார்த்துத் தள்ளினார்.

வெள்ளைச் சட்டை போட்டால் அதன் வெளிச்சம் துணியில் திருப்பி அடிக்கும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்களாம். அன்றிலிருந்து கறுப்புச் சட்டைதான். சித்திரை மாதத்தில்கூட, "மலைக்குப் போறீங்களா சாமி?" என்று ஊர் கேட்கிறது. நிழல் விழும் பக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் சமமாகும் என்றார்கள். எதிர்வீட்டில் குடியிருக்கிற பாவத்துக்கு அந்த அட்டையைப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. "அம்மிணி, கொஞ்சம் சாச்சுப் புடிங்க. இன்னுங் கொஞ்சம். அய்யோ, ரொம்பச் சாச்சுட்டீங்க!" சம்பளமில்லாத வேலைக்கு அதட்டல் வேறு.

எது வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் காட்ட வேண்டும், அப்போதுதான் மற்ற நிறங்கள் சரியாக விழும் என்று இன்னொரு வகுப்பு. மறுநாள் காலையில் சேலைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இட்லியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கமலவேணி சட்னிக் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஆறிப்போறதுக்கு முன்னாடி தின்னுங்கன்னா, இட்லிக்குப் போட்டோ புடிக்கிறீங்களா?"

"வெள்ளை எதுன்னு போனுக்குத் தெரியோணும் கமலா."

"அது ரேஷன் அரிசி. வெள்ளைன்னு யார் சொன்னா?"

முருகானந்தம் இட்லியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வெள்ளையின் மேலும் நம்பிக்கை போய்விட்டது.

படம் எடுப்பது பாதி வேலைதான். மீதி, விரலால் தேய்த்துத் தேய்த்து எடிட்டிங். திரையில் மஞ்சளைக் கூட்டிக் குறைக்கும் 'வார்ம்த்' என்ற கோட்டை வலப்பக்கம் இழுப்பார், இடப்பக்கம் இழுப்பார். "வார்ம்த் கூட்டினா மஞ்சக் காமாலை, கொறச்சா குளுருசுரம். நடுவுல நிறுத்தவே முடியிலீங்க" என்பார். சாப்பிடும்போதும் இழுப்பு, சந்தைக்குப் போய்க் காய் வாங்கும்போதும் இழுப்பு. பார்க்கிற எனக்கே விரல் வலிக்கும்.

இப்படிப்பட்டவர் தறியில் மயில்கழுத்துச் சேலை இறங்கினால் என்ன ஆகும்? அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலம், கொஞ்சம் தள்ளி நின்றால் பச்சை. கேமரா ஒருமுறை நீலத்தைப் பிடித்தது, மறுமுறை பச்சையை. மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அது அப்படித்தான் தெரியும். நூல் வாங்கிட்டு வந்து தறியில ஏத்துனதே நீங்கதானுங்களே!" என்றார் கமலவேணி.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? போட்டோவுல எதைக் காட்டறதுங்கறதுதான் கேள்வி."

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கண்டுபிடித்த பதில் இருக்கிறதே! ஒரு படத்தைத் தேய்த்து முழு நீலமாக்கினார், இன்னொன்றைத் தேய்த்து முழுப் பச்சையாக்கினார், இரண்டையும் ஒன்றாகக் குழுவில் போட்டார். பார்த்தவர்கள் இரண்டு சேலை என்று நினைத்ததில் என்ன தப்பு?

குழுவில் வழக்கமாகச் சேலை வாங்கும் ஷம்ஷாத் சேலம் டவுனிலிருந்து போனில் பேசினார். அவர் மகள் அர்ஃபாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண்வீட்டுப் பெண்கள் எல்லோரும் நீலம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பச்சை என்று பேசி வைத்திருக்கிறார்கள். "அண்ணே, அந்த நீலத்துல எங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் போட்டுருங்க. பச்சை மட்டும் வேண்டவே வேண்டாம், சொல்லிட்டேன்."

"ஒரே சேலையில வேணுங்கறதை அனுப்பி, வேண்டாங்கறதை எப்படிங்க நிறுத்தி வைக்கறது?" என்று முருகானந்தம் என்னிடம் வந்து புலம்பினார்.

"அதை அந்தம்மாகிட்டச் சொல்லுங்களேன்" என்றேன். வாயால் சொல்லி விளங்காது, படத்தால் விளக்குகிறேன் என்று நீலத்தையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி மூன்றாவதாக ஒரு படத்தை அனுப்பினார். ஷம்ஷாத் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினார். விளங்கிவிட்டது என்று இவரும் பார்சலைக் கட்டிவிட்டார்.

புதன்கிழமை குரல் செய்தி வந்தது. "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க? நீலம் கேட்டா பச்சையைக் கட்டி அனுப்பிருக்கீங்க! எங்க அக்கா பச்சைங்கறா, என் நாத்தனா நீலங்கறா, வீடே ரெண்டா நிக்குது. நாளைக்கு நேர்ல வர்றேன்." முருகானந்தம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் குழுவில் பாதிப் பெண்கள் ஷம்ஷாத் சேர்த்துவிட்டவர்கள். கலரை மாற்றி ஏமாற்றுகிற ஆள் என்று அவர் ஒரு வார்த்தை போட்டால் போதும், அத்தனை பேரும் போய்விடுவார்கள். அன்று முருகானந்தம் யாரையும் வழிமறிக்கவில்லை.

வியாழக்கிழமை தாயும் மகளும் காரில் வந்து இறங்கினார்கள். ஷம்ஷாத் ஒரு சேலையைப் பிரித்து மொபெட்டின் மேல் போட்டு, அதன் மேல் தன் கைப்பேசியை வைத்தார். "நீங்களே பாருங்க. படத்துல என்னா கலரு, இதுல என்னா கலரு?"

"நெசமா எனக்கே தெரியிலீங்க" என்றார் முருகானந்தம். "ஏமாத்தோணும்னு பண்ணலீங்க. சரியா வரோணும்னுதான் தேச்சேன்."

"இப்ப நீலமாத்தான் இருக்கு. வர்ற வழியில பச்சையா இருந்துச்சே?" என்று ஷம்ஷாத்தும் குழம்பினார்.

"வெயிலுக்குக் கொண்டு வந்தா மாறுமுங்க" என்று முருகானந்தம் சேலையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடினார். மறுபடி நிழலுக்கு ஓடி வந்தார். அதைப் பார்த்து அர்ஃபா சிரித்துவிட்டாள்.

"அம்மா, மத்தவங்களுக்குச் சாதா நீலத்துல மாத்தி வாங்கிக்க. மருதாணி வைக்கிற அன்னைக்கு இதை நான் கட்டிக்கறேன். நம்ம வீட்டுக் கலரும் அவங்க வீட்டுக் கலரும் இதுலயே இருக்கு."

ஷம்ஷாத் மகளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "சாதா நீலம் இருக்காண்ணே?"

"உள்ள அடுக்கி வெச்சிருக்குதுங்க" என்று இவருக்கு முன்னால் கமலவேணி பதில் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

"மாப்பிள்ளைக்குக் காட்டணும். இதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே" என்றார் ஷம்ஷாத். முருகானந்தத்தின் முகம் மறுபடி கறுத்தது. "போட்டோங்களா? அதுலதானுங்க எதைக் காட்டறதுன்னு..."

"போட்டோ எதுக்கு? வீடியோ எடுத்துக்கறேன்" என்று அர்ஃபா தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். "அப்படியே நின்னு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க."

"வீடியோங்களா?" என்று என்னைப் பார்த்தார், ஏன் சொல்லவில்லை என்பதுபோல. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன! கமலவேணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

முருகானந்தம் வெயிலும் நிழலும் சந்திக்கிற இடத்தில் போய் நின்றார். கையால் தலையைக் கோதிக்கொண்டார், மீசையை ஒதுக்கினார். கறுப்புச் சட்டையின் மேல் கிடந்த முந்தானை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, கூச்சத்தோடு மெல்லத் திரும்ப ஆரம்பித்தார்.