ஈப்போ வாழையிலைச் சாப்பாடும் ஒரு கைப்பிடிச் சோறும்

1983 ஆகஸ்டில் நானும் என் கணவர் சுப்பையாவும் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்த சுங்காயிலிருந்து ஈப்போவுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. செருப்பு உரசி அவர் கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்றார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். விஷயம் எங்கள் இருவரைத் தாண்டக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. சீக்காளி என்று பெயர் வந்துவிட்டால் லாரி ஓட்டும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

காலை ஆறரைக்கு டாக்சி ஏறினோம். நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், தலைக்கு ஆறு வெள்ளி கட்டணம். பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் வழியாகப் பழைய சாலையில் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். (இன்று நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்கு இந்த ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகள். ஒருமுறையாவது பழைய வழியில் போய்ப் பாருங்கள்.) பீடோரில் டாக்சிக்காரர் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தி எங்களையும் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். அதைச் சொல்லாமல் இவர் விரதம் என்று சொல்லிவிட்டு டாக்சியிலேயே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் இளம் சீனப் பெண். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மலாய் மொழியில் கேட்டார். எப்போதும் போலத்தான் என்றார் இவர். அங்கேதான் சிக்கல் இருந்தது. பதினான்கு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே போய் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மரம் மரமாக நடந்து, வீடு வந்ததும் மலைபோல் சோறு சாப்பிடுவார். லாரிக்கு மாறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. அதைப் போட்டவள் நான்தான், எனக்கும் அது தோன்றியதில்லை. டாக்டர் கையை மூடிக் காட்டி, ஒரு வேளைக்கு இவ்வளவு சோறு, காய்கறி அதைப்போல் இரண்டு மடங்கு என்றார். இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

வெளியே வந்தபோது மணி ஒன்று. பழைய டவுனில் ஒரு வாழையிலைக் கடைக்குப் போனோம். சாப்பாடு இரண்டரை வெள்ளி, சோறு எவ்வளவு வேண்டுமானாலும் தம்பா, அதாவது மறுசோறு, கேட்கலாம், தனிக் காசு கிடையாது. பரிமாறிய அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் தடவையே டாக்டர் காட்டியதைப்போல் மூன்று பங்கு சோறு விழுந்தது. இவர் அவ்வளவையும் சாப்பிட்டார். அக்கா மறுபடி வந்தபோது இவர் மெதுவாகப் போதும் என்றார். அக்கா கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் வைத்துவிட்டுப் போனார், இவரும் சாப்பிட்டார். மூன்றாவது முறை கரண்டி இலைக்கு மேல் வந்ததும் நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். சுடுசோறு என் புறங்கையில் விழுந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, ஆம்பள சாப்புடுறத இப்படியா மறிக்கிறது?"

காரணத்தைச் சொன்னால் அவர் மறைத்ததை நான் உடைத்ததாகிவிடும். கை எரிந்ததைவிட அது பெரிய அவஸ்தையாக இருந்தது. அப்போது அவரே பேசினார்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. எனக்கு இனிப்பு நீரு. சோத்தக் கொறைக்கணும். சொல்ல வெக்கமா இருந்திச்சு."

அக்கா சோற்று வாளியைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி. தோட்டத்து ஆளுங்க போதும்னு சொன்னா, கூச்சப்படுறாங்கன்னு நெனச்சுத்தான் நான் வைக்கிறது."

தானும் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான் என்றார். என் கையில் ஐஸ் வைத்துத் துணி சுற்றினார். பிறகு உள்ளே போய்க் கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் அள்ளிவந்து இவர் இலையில் சோறு இருந்த இடத்தில் வைத்தார். சாம்பாரை ஊற்றி இவர் அதையும் பிசைந்துதான் சாப்பிட்டார்.

புண் ஆறத் தீபாவளி வரை ஆனது, விரல் தப்பியது. அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். கெட்டிப்பால் தேநீரை நிறுத்த வைக்க எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

ஈப்போ பக்கம் சாப்பிடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உட்கார்ந்ததும், சோறு விழுவதற்கு முன்னாலேயே, ஒரு கரண்டி போதும் என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். பாதியில் சொல்லும் 'போதும்' நம் ஆட்கள் காதில் 'இன்னும் வை' என்றுதான் விழும். காய்கறி இன்னொரு முறை கேளுங்கள், பெரும்பாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். சாப்பிட்டதும் டாக்சியைத் தேடாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

அடுத்த தை மாதம் சித்தியவானில் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் இவரும் இவருடைய அண்ணன் முத்தையாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான் எதிர்வரிசையில். சோறு வந்தது. கொஞ்சமாக வையுங்கள், எனக்கு இனிப்பு நீர் என்று இவர் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார். முத்தையா பிசைவதை நிறுத்தினார். கிண்டல் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் இலையில் பாதிச் சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"எனக்குந்தான்டா," என்றார். "மூணு வருசமா. உங்க அண்ணிக்குக்கூடத் தெரியாது."

இவர் பரிமாறுகிறவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தக் கீரைய இங்க ரெண்டு பேருக்கும் கொண்டாங்க."